தவக்காலத்தில் வாய்விட்டு வாசிக்கும் நூல்

வியாகுலப் பிரசங்கம் என்பது இயேசுவின் பாடுகளை விரித்துச் சொல்லும் தமிழ் உரைநடை நூல். தவக்காலத்தில், சிறப்பாகப் பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில், இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒன்றுகூடி இதை இராகத்தோடு வாசிப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம். இதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அடக்கம் செய்யப்பட்டிருப்பது புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில், மகா ஓயாவுக்கு வடக்கே உள்ள போலவத்தையில்.

கொன்சால்வெஸ் 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். அவர் இலங்கைக்கு வந்த 1705இல் கரையோரம் டச்சுக்காரர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே அவர்கள் கட்டளை பிறப்பித்திருந்தார்கள். அதனால் குருமார் மாறுவேடத்தில் ஊர் ஊராகப் போனார்கள். கண்டி அரசர்களின் ஆதரவே அவர்களுக்குப் பெரிய காப்பாக இருந்தது. ஓர் ஊருக்குக் குரு வந்து போனால் மறுபடி எப்போது வருவார் என்பது தெரியாது. அவர் இல்லாத நாட்களிலும் மக்கள் தாங்களே கூடி வழிபட வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய நூல்களை எழுதுவதையே கொன்சால்வெஸ் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1742இல் போலவத்தையில் காலமாகும் வரை தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை ஆகியவை அவருடைய மற்றத் தமிழ் நூல்களில் சில.

டச்சுக்காரர் 1730களில் கொழும்பில் அச்சகம் நிறுவினார்கள். தடைசெய்யப்பட்ட சமயத்தின் நூல்களுக்கு அங்கே இடமில்லை. எனவே கொன்சால்வெஸின் நூல்கள் பனையோலையில் எழுத்தாணியால் படியெடுக்கப்பட்டு ஊர்களுக்குப் போயின. அந்தக் காலத்தில் ஓர் ஊருக்கு ஒரு நூலைக் கொடுப்பது என்றால், யாராவது பல நாள் உட்கார்ந்து அதை ஓலை ஓலையாக எழுதித்தர வேண்டும். அப்படி வந்து சேரும் ஏடு ஊருக்கே பொதுவானது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவர்களும் கேட்டுக் கலந்துகொண்டார்கள். வாசிப்பதற்கென்று ஆண்டில் ஒரு காலம் குறிக்கப்பட்டிருந்ததால் நூல் மறதிக்குள் போகவில்லை. டச்சுக்காரருக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார்கள். பின்னர் நூல் அச்சேறியது. அதன் பிறகும் வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் மாறவில்லை.

வாசிப்பிலிருந்து நாடகமும் வளர்ந்தது. மன்னார் பேசாலையில் உருவச் சிலைகளைக் கொண்டு நடத்தும் உடக்குப் பாஸ் வியாகுலப் பிரசங்கத்தைத் தழுவியது. இதே பொருளில் கொன்சால்வெஸ் எழுதிய சிங்கள நூலான துக்பிராப்தி பிரசங்கயவே நீர்கொழும்பு தூவ ஊரின் பாஸ்கு நாடகத்துக்கு ஊற்று.

திருநாளோடு நூலைச் சேர்த்துவைப்பது இலங்கையின் இந்தக் கரையோரத்தில் கத்தோலிக்கரிடம் மட்டும் காணப்படுவதன்று. நபிகள் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தில் முஸ்லிம்கள் அவரைப் புகழும் மவ்லிது ஓதுகிறார்கள். தீமிதிப்புக்குப் பேர்பெற்ற உடப்பு திரௌபதி அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா மகாபாரதக் கதையோடு பிணைந்தது. உலகின் வேறிடங்களில் இவ்வழக்கம் வேறு வடிவம் எடுக்கிறது. ஐஸ்லாந்தில் நத்தாருக்கு முந்திய இரவில் புதிய புத்தகங்களைப் பரிசளிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்றப் பொருட்களுக்கு இருந்த தட்டுப்பாடு காகிதத்துக்கு அவ்வளவாக இல்லாததால் அந்த வழக்கம் பரவியது. அங்கே ஆளுக்கொரு புதிய புத்தகம். இங்கே ஊருக்கெல்லாம் ஒரே பழைய புத்தகம்.

சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசி வந்த பல கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் 20ஆம் நூற்றாண்டில் சிங்களத்தில் கல்வி கற்றார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். கொன்சால்வெஸ் இரு மொழியிலும் எழுதிவைத்ததால் அவர்களுக்குச் சிங்கள நூல் இருக்கிறது. தமிழ் நூலின் வாசிப்பு தொடர வேண்டுமானால், அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இளையவர்களுக்கு எழுத்தையும் இராகத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.