எதிர் நாற்காலியில் எதிர்காலம்

கண்ணை ஒருமுறை சிமிட்டிப் பாருங்கள். எவ்வளவு வேகமாகச் சிமிட்டினாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகிவிடும். அந்த நேரத்துக்குள் மூன்று முறை வந்து போகக்கூடிய வேகத்தில் ஒரு படத்தைக் காட்டி, உடனே இன்னொரு படத்தால் மூடிவிட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. 2008-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னா ரோஸ் சைல்ட்ரெஸும் அவருடைய குழுவினரும் கொக்கேய்ன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 22 ஆண்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்து இதைச் செய்தார்கள். போதைப்பொருள் தொடர்பான படங்கள் 33 மில்லி நொடிகள் மட்டும் மின்னி மறைந்தன. உடனே வேறொரு படம் வந்து அதை மூடிவிட்டது. பார்த்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மூளையின் ஆழத்தில் ஆசையைக் கையாளும் பகுதிகள் விழித்துக்கொண்டுவிட்டன.

இப்படி ஏக்கத்தை எழுப்பிவிடும் சிறு அடையாளத்தைத் தூண்டுகுறி என்று சொல்லலாம். பழைய கூட்டாளியின் பைக் சத்தம், சம்பள நாள் மாலை, கிளாஸில் ஐஸ் உரசும் ஒலி, ஊறுகாய் வாசனை, எதுவும் தூண்டுகுறி ஆகலாம். மன உறுதி என்னும் காவலாளி எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வேண்டாத விருந்தாளி கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். "மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று குடிப்பவரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்போம். மனசுக்குத் தகவல் போய்ச் சேரும் முன்பே பாதி வேலை நடந்துவிடுகிறது என்பதை அறியாமல் சொன்னோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைக்கு ஆயிரம் ரூபாய் வேண்டுமா, அடுத்த மாதம் ஆயிரத்து ஐந்நூறு வேண்டுமா என்று கேட்டால் நம்மில் பலர் கொஞ்சம் யோசிப்போம். போதைக்கு அடிமையானவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இன்றைய ஆயிரத்தின் பக்கமே சாய்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தள்ளிக் கிடைக்கும் பரிசின் மதிப்பை மூளை குறைத்துப் போடுவதற்குத் தாமதக் கழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்தக் கழிவு மிகக் கூடிவிட்டால் மகளின் கல்யாணமும் தன் கல்லீரலும் தூரத்து மலைபோல மங்கலாகத் தெரியும். கையிலுள்ள கிளாஸ் மட்டும் பளிச்சென்று தெரியும்.

ஆக, இந்த நோய்க்கு ஒரு கருவி செய்யவேண்டுமென்றால் அது இரண்டு வேலை செய்யவேண்டும். நம் கண்ணுக்குத் தப்பும் ஆபத்தை நமக்காகப் பார்க்கவேண்டும். மங்கிப்போன எதிர்காலத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டவேண்டும். அப்படி ஒரு கருவி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு மாதா கோயிலின் பின்னறையோ பள்ளிக்கூட வகுப்பறையோ போதும். பத்துப் பதினைந்து நாற்காலிகள், ஒரு பிளாஸ்கில் டீ. டாக்டர் இல்லை, கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. ஒரே நோயில் விழுந்து எழுந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையிருக்கும் சக ஆதரவுக் குழு அது.

அதன் பிறப்பு ஒரு டெலிபோன் அழைப்பில் நடந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் தொழிலில் தோற்று, மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. அந்த ஐந்து மாதமும் அவர் ஒரு வேலை செய்துவந்தார்: நியூயார்க்கில் குடிநோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசுவது. அவர்களில் ஒருவரும் குடியை விடவில்லை. முழுத் தோல்வி என்றுதான் அவர் நினைத்தார். அவருடைய மனைவி லோயிஸ் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: நீங்கள் குடிக்கவில்லையே!

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. ஹோட்டல் முன்கூடத்தில் நின்றபோது வில்சனுக்குத் தேவைப்பட்டவர் டாக்டரோ பாதிரியாரோ அல்ல, இன்னொரு குடிகாரர். அப்படி ஒருவரைத் தேடித்தான், சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் செய்தார். ஒருவர் மாற்றி ஒருவராக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தார். குட்இயர் டயர் கம்பெனியைத் தொடங்கியவரின் மருமகள் அவர். அவருக்குத் தெரிந்த ஒரு அறுவை மருத்துவர், பாப் ஸ்மித், குடியால் அழிந்துகொண்டிருந்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவரை வரவழைத்தார் ஹென்ரியட்டா. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்த பாப், இரவு பதினொன்று தாண்டித்தான் எழுந்தார்.

ஆறு மணி நேரம் வில்சன் என்ன உபதேசம் செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார். எங்கே ஒளித்து வைத்தேன், யாரிடம் பொய் சொன்னேன், காலையில் கை எப்படி நடுங்கும். மருத்துவரான பாப் இந்த நோயைப் பற்றிப் படித்திருந்தார், பலர் அறிவுரையும் கேட்டிருந்தார். அனுபவித்த ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அதுவே முதல் முறை. அன்றோடு அவர் திருந்தினார் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். உண்மையில் அதன்பின் அவர் ஒருமுறை நன்றாகக் குடித்து விழுந்தார். கடைசிக் குடி 1935 ஜூன் 10 அன்று. அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இன்று ஒரு ஏ.ஏ. மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால் எல்லாம் மிகச் சாதாரணமாகத் தெரியும். ஒருவர் தன் பெயரைச் சொல்கிறார், "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார், சில நிமிடம் தன் அனுபவத்தைப் பகிர்கிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு வழக்கத்துக்குள்ளும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பகிர்கிறவர் "போன வாரம் மச்சான் வீட்டு விசேஷத்தில் நாக்கு ஊறியது" என்று சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பன்னிரண்டு பேரும் தங்கள் அடுத்த விசேஷத்துக்குத் தயாராகிறார்கள். ஒருவர் மூளை 33 மில்லி நொடியில் தவறவிட்டதைப் பன்னிரண்டு பேரின் நினைவு முன்கூட்டியே பிடித்துவிடுகிறது.

காலத்தை அவர்கள் கையாளும் விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. "இனி வாழ்நாளில் தொடமாட்டேன்" என்று அங்கே யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும். வாழ்நாளைப் பார்க்கமுடியாத மூளைக்கு அதனால் எட்டக்கூடிய அளவில் ஒரு எல்லை குறிக்கப்படுகிறது. அதே அறையில் 10 நாள் ஆனவர், ஓராண்டு ஆனவர், 20 ஆண்டு ஆனவர் என்று வரிசையாக இருக்கிறார்கள். பல குழுக்கள் 30 நாளுக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று என்று சிறு வில்லைகள் தருகின்றன. பத்து நாள்காரருக்கு எதிர்காலம் இப்போது தூரத்து மலையாக இல்லை. அது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

லோயிஸ் கவனித்த விஷயத்துக்கு வருவோம். உதவுகிறவருக்கே அந்த உதவி மருந்தாகிறது என்பதை 1965-இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் ஒரு கோட்பாடாக எழுதினார். உதவுநர் பயன் என்று அதை அழைக்கலாம். பிறகு எண்களும் வந்தன. 2004-இல் மரியா பகானோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் குடிநோய்ச் சிகிச்சை முடித்தவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றின் தரவுகளை அலசினார்கள். மற்ற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் நூற்றுக்கு 40 பேர் அடுத்த ஓராண்டு குடிக்காமல் இருந்தார்கள். உதவாதவர்களில் 22 பேர்தான். 2009-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், பழகும் வட்டத்தில் குடிக்காத ஒரே ஒருவர் கூடினாலும் அடுத்த ஓராண்டு குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு உயர்ந்தது. ஒரே ஒருவர்!

மருத்துவ உலகம் இதை நெடுநாள் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் ஒன்றுசேர்த்து அலசியது. நோயாளிகளை ஏ.ஏ.வில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சைகளில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 42 பேர் குடிக்காமல் இருந்தார்கள். நன்கு மதிக்கப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 பேர். மீதி 58 பேரை நாம் மறந்துவிடக் கூடாது. ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறப்பதில்லை.

அதனால்தான் சாவிகள் பல உண்டு. போதைப்பொருளுக்கு நார்காட்டிக்ஸ் அனானிமஸ் இருக்கிறது. 1951-இல் லோயிஸும் ஒரு தோழியும் தொடங்கிய அல்-அனான், குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கானது. அந்த வீட்டுப் பெண்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று யாரோ நினைத்ததே பெரிய விஷயம். 1975-இல் ஜீன் கர்க்பாட்ரிக் பெண்களுக்கென்றே ஒரு குழு முறையைத் தொடங்கினார். கடவுள், பிரார்த்தனை என்ற பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரெகவரி போன்றவை உண்டு.

ஏ.ஏ. 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழிலேயே மீட்டிங்குகள் நடக்கின்றன. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் சிகிச்சையோடு இந்தக் குழுக்களுக்கும் வழிகாட்டுகின்றன. ஆனாலும் 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஒரு டவுன் பஸ் நிறையக் குடிநோயாளிகள் என்றால், ஒரே ஒருவர் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குகிறார்.

உதவி தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உயிர் காக்கும் விஷயம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை போன்ற நிலை வரலாம், உயிரும் போகலாம். ஆகவே முதல் சில நாள்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழியவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம். அருகிலுள்ள குழு எங்கே கூடுகிறது என்று அங்கேயே கேளுங்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய திறந்த மீட்டிங், குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய மீட்டிங் என்று இரண்டு வகை உண்டு. முதல் குழு பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்று இடம் போய்ப் பாருங்கள். குழுவுக்குக் குழு முகமும் பேச்சும் மாறும். உத்தரவாதம் தருகிறேன், இவ்வளவு பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அது சக ஆதரவுக் குழு இல்லை.

முதல் நாள் போகிறவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காருவார். எல்லோருக்கும் பாரமாக வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றும். அக்ரன் நகர மருத்துவமனையில் ஒரு கட்டிலில் படுத்திருந்த வழக்கறிஞருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். 1935 ஜூன் மாதக் கடைசி. நர்சுகளை அடித்ததால் அவரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். எனக்கு இனிமேல் வழியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பில்லும் பாபும் அவரைத் தேடி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்கள். பாப் குடியை விட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தான் குடிக்காமல் இருக்க, பேசுவதற்கு இன்னொரு ஆள் அவசரமாக வேண்டியிருந்தது. இருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஜூலை 4 அன்று அந்த வழக்கறிஞர் மருத்துவமனையை விட்டு நடந்து வெளியே வந்தார். 1954-இல் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. அக்ரனில் அடுத்தடுத்து வந்தவர்களின் பக்கத்தில் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.