கசவுக் கரையின் கணக்கு
எல்லையோரத்து ஊர்கள் – 9

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்ததையும், எல்லைப் போராட்டத் தலைவர் நேசமணியின் கட்சி கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். களியக்காவிளை தாண்டி, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று திருவனந்தபுரம் சாலையில் போனால் பாலராமபுரம் வரும். எல்லை பிரிவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நெசவாளர்கள் குடியேறிய ஊர் இது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா (1798–1810) காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், தென்தமிழகத்துச் சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்தினார்கள். அரண்மனைக்கு நல்ல துணி வேண்டும்; அதற்கு நெசவாளி நிலைத்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அன்று அது புரிந்திருந்தது.

இங்கே பாவாற்றுவதைப் பார்க்க வேண்டும். விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இழை இழையாக நீவிவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, வெயில் உறைப்பதற்குள் முடித்தாக வேண்டும். மழை வந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. பிறகு குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து, கையாலேயே நாடாவை எறிந்து நெய்ய வேண்டும். அப்படி நெய்த கசவுக் கரை, அதாவது சரிகைக் கரை, முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்தத் துணிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய துணியைப் ‘பாலராமபுரம்’ என்று சொல்லி விற்பது நிற்கவில்லை. சேலை, வேட்டி உள்ளிட்ட 11 வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985-ம் ஆண்டுச் சட்டம் ஏட்டில்தான் இருக்கிறது. விலை மலிவு என்று போலியை வாங்கி அடுக்கும் கடைக்காரருக்கு இந்த ஓணத்தில் லாபம் வரலாம். அசல் துணிக்கு ஆர்டர் இல்லாத தறிக்காரர் பிள்ளையைக் கட்டட வேலைக்கு அனுப்பிவிடுவார். நாளைக்கு அதே கடைக்காரர் இரட்டை விலை கொடுத்தாலும் அசல் சரக்கு கிடைக்காது. அவருடைய பெயரை நம்பி வந்த வாடிக்கையாளரும் ஒருநாள் விஷயம் தெரிந்து போய்விடுவார். நியாயமாக வாங்குவதை நான் தர்மக் கணக்கில் எழுத மாட்டேன்; அது கடையின் முதலைக் காப்பாற்றும் செலவு.

அரசும் ஒரு வாடிக்கையாளர்தான். 2017 முதல் கேரளம் பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்குகிறது. ஆண்டு முழுக்கத் தறி ஓட அது வழி செய்தது. கூலி நிலுவை விழுந்தபோதெல்லாம் அதே நெசவாளர்கள் தெருவுக்கு வந்து கேட்கவும் வேண்டியிருந்தது. ஆர்டர் பாதி, நேரத்துக்குப் பணம் மீதிப் பாதி. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை 45 நாளுக்குள் தராவிட்டால் அந்த ஆண்டு அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இழுத்தடிப்பது இனி வாங்குகிறவருக்கே நஷ்டம்.

பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். நல்ல சட்டம். ஆனால் ஊருக்கு நிழற்குடை கட்டிக்கொடுத்துவிட்டு, சரக்கு கொடுத்தவரை ஆறு மாதம் அலையவிடும் நிறுவனத்தைப் பொறுப்புள்ளது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வாங்குகிறவர் பொறுப்பேற்றால் என்ன பலன் என்பதற்குத் திண்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூலையில் அங்குள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையின் சரக்கை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. பெண் தொழிலாளர் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கமும், ஆலை நிர்வாகமும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஏப்ரலிலேயே ஒப்பந்தத்துக்கு வந்திருந்தன. அதன்படி நடந்த சீர்திருத்தங்கள் கைகொடுக்க, செப்டம்பரிலேயே தடை நீங்கியது. ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய தடை அது.

ஓணத்துக்கோ கல்யாணத்துக்கோ கசவு வேட்டி எடுக்கப் போகிறவர்கள் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நெசவாளர் சங்கத்தில் நெய்தது என்று கேளுங்கள். கடைக்காரர்களே, ஆவணி நெருங்கும்வரை காத்திருக்காமல் தையிலேயே ஆர்டர் கொடுங்கள். பில்லில் சங்கத்தின் பெயரையும் எழுதுங்கள்.

(தொடரும்)