சாய்ந்த நெல்லும் சாயாத வாடகையும்

காவிரிப் படுகையில் தை மாத மழை சம்பா நெல்லைச் சாய்த்துவிட்டால், அறுவடை இயந்திரம் இயல்பான வேகத்தில் ஓட இயலாது. வெட்டுக்கத்தியைத் தாழ்த்தி, பயிர் சாய்ந்த திசைக்கு எதிராக மெதுவாகவே அறுக்க வேண்டும். சேற்று வயலில் பெல்ட் வண்டியே இறங்கும். வாடகையோ மணிக்கணக்கில்; நேரம் கூடக்கூடச் செலவும் கூடுகிறது, உதிரும் மணியும் மிகுகிறது.

வாய்மொழிக் குத்தகையில் பயிரிடும் தலித் உழவர் இச்சுமையைத் தனியே சுமக்கிறார். அடங்கலில் அவர் பெயர் இல்லாதபோது, நிவாரணம் நில உடைமையாளரின் கணக்குக்கே செல்கிறது. கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. இயந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. உழுபவர் பெயர் அடங்கலில் ஏற வேண்டும் என்கிறோம்.