பண்பலை வானொலியின் தெளிவும் அதன் காரணமும்

இடி மின்னல் வேளையிலும், அருகே பம்பு மோட்டார் கிளம்பும்போதும், மத்திய அலை வானொலியில் கரகரவென்று இரைச்சல் எழுவதைக் குடியானவர்கள் கேட்டிருப்பார்கள். பாட்டுக் கெட்டால் பாதகமில்லை. மருந்தின் அளவைச் சொல்லுங்கால் இருபது என்பது அறுபதாகக் காதில் விழுந்தால் நஷ்டம் பயிருக்கு. பண்பலையில் இத்தொல்லை மிகக் குறைவாயிருப்பதன் காரணத்தை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

மத்திய அலையில் ஓசையானது அலையின் உயரத்தை ஏற்றியிறக்கி அனுப்பப்படுகிறது. மின்னலும் மோட்டாரும் கெடுப்பது அந்த உயரத்தையே. பண்பலையிலோ உயரம் மாறுவதில்லை. ஒரு விநாடியில் எழும் அலைகளின் எண்ணிக்கையே ஓசைக்குத் தக்கபடி கூடிக் குறைகிறது. களத்தில் குவியலின் உயரத்தைப் பார்த்து நெல்லை மதிப்பிடுகிறவன் கணக்கில் பதரும் தூசியும் சேர்ந்துவிடும். மூட்டைகளை எண்ணுகிறவனுக்கு அக்கவலையில்லை. வானொலிப் பெட்டி உயரத்தின் ஏற்றத்தாழ்வைச் சீவித் தள்ளிவிட்டு எண்ணிக்கையை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறது. மேலும், மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டாகையால் உச்சமான ஓசைகள் வெட்டுண்டு போகின்றன. பண்பலை 15,000 அதிர்வுகள் வரை கொண்டுவருவதால் சகர ஒலிகளும் நாகஸ்வரத்தின் நயமும் தெளிவாய்க் கேட்கின்றன.

இம்முறைக்கு அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ம் வருஷம் காப்புரிமை பெற்றார். 1945-ல் அந்நாட்டார் பண்பலையை வேறு அலைவரிசைக்கு மாற்றவே, முன்பு விற்ற பெட்டிகளெல்லாம் வீணாயின. இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-ல் சென்னையில் தொடங்கிற்று.

மத்திய அலையை இகழ்வதற்கில்லை. 1960-களில் திருச்சி நிலையத்தார் எடுத்துச் சொல்லித் தஞ்சை ஜில்லாவில் பரவிய ஏடிடி 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. இரவில் அது நெடுந்தூரம் செல்லும். பண்பலை நேர்க்கோட்டில் செல்வதாகையால் மலை மறைத்தால் நின்றுவிடும். கொடைக்கானல் நிலையம் மலைமேல் அமைந்திருப்பதாலேயே அதன் ஒலி பல ஜில்லாக்களை எட்டுகிறது.

நார்வே தேசத்தார் 2017-ல் தேசிய நிலையங்களின் பண்பலையை நிறுத்தி எண்முறைக்கு மாறினர். நம் நாட்டிலோ, பேரிடர்க் காலத்திற்கு உதவுமென்று, கைபேசிகளில் பண்பலை வசதி இருக்க வேண்டுமென 2023-ல் மத்திய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்திற்று. இதுவே தக்கதென்பது எமது அபிப்பிராயம். புயலில் கைபேசிக் கோபுரம் சாய்ந்தாலும், நிலையம் இயங்குமட்டும் இரண்டு பாட்டரிக் கட்டைகளில் சேதி வரும், கட்டணமுமில்லை.

பெட்டியின் கம்பியை மடக்கிவைத்துக் கேட்பவர் அநேகர். அதைச் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி, நீட்ட வேண்டும். கம்பி ஒடிந்திருந்தால் அதே நீளமுள்ள செப்புக் கம்பியைக் கட்டலாம். தகரக் கூரையின் கீழிருந்தும் இரும்புச் சன்னலருகிலிருந்தும் பெட்டியை அப்புறப்படுத்தித் திண்ணையில் வைக்கவும்.