காப்பர்-டி: இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே

தியாகதுருகம் பக்கம் இரண்டாவது பிரசவம் முடிந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்றும் கேட்டுவிடுவார்கள். என்ன ஆபரேஷன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பிள்ளை போதும் என்று முடிவானவர்களுக்கு அது நல்ல வழிதான். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே என்ன செய்வது என்பதைத்தான் கடவுள் மேல் பாரத்தைப் போட்டு விட்டுவிடுகிறோம். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கரு தரிக்க இரண்டு வருடமாவது போகட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அந்த இடைவெளிக்குத் தோதான கருவி காப்பர்-டி. வயதானவர்கள் இன்னும் 'லூப்பு' என்பார்கள். 1965-இல் அரசு கொண்டுவந்த லிப்பஸ் லூப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது. அது வளைந்து வளைந்து போகும் வெறும் பிளாஸ்டிக். செம்பைச் சேர்த்தால் பலன் கூடும் என்று 1960-களின் கடைசியில் சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் முயல்களில் கண்டறிந்தார். 'டி' எழுத்தின் வடிவத்தைக் கொடுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஹோவர்டு டாட்டம்.

கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பயம் என்று தோன்றும். நீளம் 36 மில்லிமீட்டர், அகலம் 32. வெள்ளைத் தண்டில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். இரு கைகளிலும் குட்டிச் செம்புக் குழல். அடியில் இரண்டு நூல். பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும். 380ஏ என்ற இந்த வகையின் பெயரில் உள்ள எண், செம்பின் பரப்பு இத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவை முடக்கி, முட்டையோடு சேரவிடாமல் தடுக்கின்றன. கருவைக் கலைக்கிற சாமான் என்ற பேச்சு தவறு. 380ஏ பத்து வருடம் உழைக்கும், 375 என்ற இன்னொரு வகை ஐந்து வருடம். போட்டுக்கொண்டவர்களில் முதல் வருடத்தில் கரு தரிப்பவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பிள்ளை வேண்டும் என்றால் பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடுவார். அதன்பின் காத்திருக்கத் தேவையில்லை.

"நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். ஏறாது. போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்கிற அளவுக்கு அபூர்வம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டது சிலருக்குத் தானாக நழுவி வெளியே வரலாம், அதனால் மறுபரிசோதனைக்குப் போவது முக்கியம். போடும் முன் பெண்ணைக் கேட்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். பிரசவ வலியில் துடிப்பவளிடம் கேட்பது கேட்டதாகாது. கர்ப்பமாக இருக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. முதல் சில மாதம் தீட்டு அதிகமாகப் படும், வயிறு இழுத்துப் பிடிக்கும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவள், அதுவும் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவள், யோசிக்கத்தான் வேண்டும். அவளுக்கு 'சாயா' மாத்திரை பொருந்தலாம். லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்து 1991-இல் 'சஹேலி' என்ற பெயரில் வெளிவந்த மருந்து அது, ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. தாய்ப்பால் கொடுப்பவளும் சாப்பிடலாம். தினசரி மாத்திரையான மாலா-என்னை அப்படிச் சாப்பிடக்கூடாது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகட்டும்.

'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ள முடிவதால் சிலருக்கு அதுதான் வசதி. நிறுத்திய பின் கரு தரிக்க ஏழிலிருந்து பத்து மாதம் வரை ஆகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கல்வராயன் மலைமேல் கணக்கு வேறு. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊரிலிருந்து ஊசிக்கென்று தேதி தவறாமல் இறங்கி வருவது லேசில்லை. குடும்பத்தோடு வெளிமாநில வேலைக்குப் போய்விட்டால் மாத்திரை கையிருப்பும் அறுந்துபோகும். அங்கே ஒருமுறை போட்டு மறந்துவிடுகிற காப்பர்-டிக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால் இந்த வழிகள் எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறை மட்டுமே. வெளியூரில் தங்கி வேலை பார்த்துவிட்டு வரும் கணவன்மார் விஷயத்தில் இதைக் கூச்சமில்லாமல் பேசியாக வேண்டும்.

பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் எழுதி எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் முடிவு மாமியாருடையது, கத்தி மருமகளுக்கு. ஆணுக்குச் செய்யும் தையலில்லாத, தழும்பில்லாத அறுவையான வாசெக்டமி சில நிமிட வேலை. மரத்துப்போகும் ஊசி போதும். அன்றே வீடு திரும்பலாம். ஆண்மைக்கோ உடல் வலுவுக்கோ எந்தக் குறையும் வராது. தமிழ்நாட்டில் இதைச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. செய்துகொள்ள நினைப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்த பிறகே அதை விடலாம்.