காலி பாட்டிலை வீசி எறியாதீர்கள்!

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. ஜாம் தீர்ந்துவிட்டது. கண்ணாடி பாட்டில் மட்டும் மிச்சம். அதைக் குப்பையில் போடப் போகிறீர்களா?

வேண்டாம். கொஞ்சம் கைவேலை செய்தால் அது வீட்டுக்கு அழகு தரும். காசும் மிச்சம்.

கண்ணாடியில் உணவை அடைத்து, கெடாமல் வைக்கும் வழியைக் கண்டவர் நிக்கோலா அப்பேர். பிரான்சு நாட்டுக்காரர். இதற்காக 1810-ம் ஆண்டு அவருக்கு 12 ஆயிரம் பிராங்கு பரிசு கிடைத்தது. திருகு மூடி ஜாடிக்கு 1858-ல் அமெரிக்காவின் ஜான் மேசன் காப்புரிமை பெற்றார்.

முதலில் சுத்தம்

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பாட்டிலை ஊற வையுங்கள். காகிதம் உரிந்து வரும். பசை ஒட்டிக்கொண்டு இருந்தால், தேங்காய் எண்ணெயில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலையும் மூடியையும் தனித்தனியாக வெயிலில் காய வையுங்கள். வாடை போய்விடும்.

கொதிக்கும் தண்ணீரைத் திடீரென்று ஊற்றாதீர்கள். உள்பக்கம் சூட்டில் விரியும். வெளிப்பக்கம் விரியாது. கண்ணாடி "படீர்" என்று வெடிக்கும்.

தொங்கும் பாட்டில்

சமையல் அறை சின்னதா? மரப் பலகையின் அடிப்பக்கத்தில் மூடியை வைத்து, 2 திருகாணி போட்டு முடுக்குங்கள். ஒரே திருகாணி போட்டால் மூடி சுழலும். பிறகு கடுகு, சீரகம் நிரப்பிய சிறிய பாட்டிலை அந்த மூடியில் திருகி விடுங்கள். இடம் மிச்சமாகும். கனமான பாட்டிலைத் தொங்கவிடக் கூடாது.

வண்ண விளக்கு

பட்டம் செய்யும் வண்ணக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, பாட்டிலின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். காய்ந்த பிறகு உள்ளே சிறிய பேட்டரி விளக்கை வையுங்கள். கொலுவுக்கு எடுப்பாக இருக்கும்.

மெழுகுவர்த்தி வைப்பதானால் காகிதம் ஒட்டாத, வாய் அகன்ற பாட்டிலே நல்லது. அடியில் 2 அங்குலம் உலர்ந்த மணல் போடுங்கள். பாட்டிலை மூடாதீர்கள். திரைச்சீலை பக்கத்தில் வைக்காதீர்கள்.

கொடியும் கொசுவும்

தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வளர்க்கலாம். கொடியின் கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அங்கேதான் வேர் விடும்.

ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். நீர்மட்டத்தை ஒட்டி, பாட்டிலின் சுவரில் முட்டையிடும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சோம்பல்பட்டால் அழகுக்கு வைத்த கொடியே வீட்டில் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும்.

ஜாக்கிரதை!

பூச்சி மருந்து, பினாயில் இருந்த பாட்டில் சமையல் அறைக்குள் வரவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. பினாயிலை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் தவறு. குழந்தை குடிக்கும் பண்டம் என்று எடுத்துவிடும்.

விரிசல் கண்ட பாட்டிலை வைத்துக்கொள்ளாதீர்கள். தடித்த காகிதத்தில் சுற்றி, "கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பை எடுக்க வருகிறவருடைய கையும் நம் கை போன்றதுதானே?