சாக மறுக்கும் செல்கள்

1951-இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை ஆய்வுக்காக எடுத்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அநியாயம். அதுவரை மனித செல்களைக் குடுவையில் வளர்க்க முயன்றபோதெல்லாம் அவை சில நாட்களிலோ வாரங்களிலோ மடிந்துபோயின. இந்தத் துணுக்கின் செல்களோ ஏறக்குறைய ஒரே நாளில் இரட்டிப்பாகின, ஓயவே இல்லை. ஹென்ரியெட்டா அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் இறந்துபோனார். அவருடைய செல்கள் ‘ஹீலா’ என்ற பெயரில் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

நல்ல செல்லால் அப்படி ஓயாமல் பெருக முடியாது. குடுவையில் வளரும் சாதாரண மனித செல் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று லெனார்ட் ஹேஃப்லிக் 1961-இல் காட்டினார். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிதலிலும் கொஞ்சம் தேய்வதுதான் காரணம். பெரும்பாலான புற்றுநோய் செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு, தேய்ந்த நுனியை வளர்த்துவிடுகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கருப்பை வாயின் மேற்பரப்பில் உள்ள நல்ல செல் அகலமாக, தட்டையாக இருக்கும். நடுவில் சின்னதாக ஒரு உட்கரு. புற்று செல்லில் உட்கரு பருத்து, கருத்து, கோணல்மாணலாகிப் பாதி இடத்துக்கு மேல் அடைத்துக்கொள்ளும். நல்ல செல்லில் குரோமோசோம்கள் 46; ஹீலாவில் ஏறக்குறைய 80. குடுவையிலும் நல்ல செல்கள் ஒரே அடுக்காகப் பரவி, பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். புற்று செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும்.

இத்தனைக்கும் அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல, நம் செல்களேதான். செல்லின் டி.என்.ஏ. பழுதானால் பிரிதலை நிறுத்துவதும், பழுது தீராவிட்டால் செல்லையே அழித்துவிடுவதும் பி53 என்ற புரதத்தின் வேலை. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டிருக்கிறது. ஹீலாவில் அது கெடவில்லை! எச்.பி.வி. 18 என்ற வைரஸின் மரபணுக்கள் அந்தச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டன; அவை உண்டாக்கும் ஈ6 என்ற புரதம், பி53 உருவாக உருவாக அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. ஈ7 என்ற இன்னொன்று மற்றொரு காவல் புரதத்தை முடக்குகிறது.

பின்னாளில் ஆய்வாளர்கள் ஹீலா செல்களில் இந்த இரண்டு புரதங்களுக்கான வைரஸ் மரபணுக்களை மட்டும் அடக்கிப் பார்த்தார்கள். பி53 மறுபடி சேர்ந்தது. பல பத்தாண்டுகளாக ஓயாமல் பெருகிவந்த செல்கள், சில நாட்களிலேயே பிரிவதை நிறுத்தி, முதுமையடைந்த சாதாரண செல்களைப் போல ஆகிவிட்டன.